பத்தாவது சேட்டு

எல்லாரும் ஆட்களை முகத்தால் அறிவார்கள். நான் அழுக்கால் அறிகிறவள். எங்களுடையது கட்டாடிக் குடும்பம். ஊராரின் உடுப்பை வெளுத்துக் கொடுப்பது தொழில். ஒரு சேட்டை, மேற்சட்டையை, கையில் எடுத்தால் போதும், போட்டவர் இடக்கைக்காரரா, கோபக்காரரா, சோற்றைச் சிந்தித் தின்கிறவரா என்று சொல்லிவிடுவேன். அதனால் சண்டைக் காலத்தில் எங்கள் வாவியில் வந்திறங்கிய ஆரோப்பிளேன்காரரை நான் நேரில் பார்த்தது கொஞ்சம், மூட்டையில் பார்த்ததுதான் அதிகம்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு அது. எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்கு மேற்கே, வாவிக்கரையில் ஒரு தென்னந்தோட்டத்தை வெட்டி வெள்ளைக்காரர் முகாம் போட்டார்கள். அவர்களுடைய ஆரோப்பிளேன் தரையில் ஓடாது. வள்ளம் மாதிரித் தண்ணீரில் மிதந்துகொண்டு கிடக்கும், தண்ணீரிலிருந்தே எழும்பும். விடியுமுன் எழும்பினால், கடலுக்கு மேலே பதினைந்து பதினாறு மணித்தியாலம் சுற்றி, யப்பான்காரனின் நீர்மூழ்கிக் கப்பல் எங்கேயாவது தலை நீட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பொழுது பட்டபிறகுதான் திரும்பும். மறுநாள் முழுக்க நித்திரை, சவரம், பந்தடி. அதற்கு அடுத்த நாள் மறுபடி கடல். இதுதான் அவர்கள் பிழைப்பு.

ஒன்பது பேர் அதில் போவார்கள். ஒவ்வொருவர் கொலருக்கு உள்ளேயும் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு குறி போட்டு வைத்திருந்தேன். கப்டனுக்கு ஒற்றைப் புள்ளி. அவர் சேட்டின் முதுகில் உப்புக் கோடு கோடாகக் காய்ந்து கிடக்கும். பயப்படுகிற ஆள், ஆனால் வெளியே காட்டாத ஆள். தேசப்படம் பார்த்து வழி சொல்கிறவரின் கைமடிப்பில் பென்சில் கரி. ஆரோப்பிளேனுக்கு உள்ளேயே ஒரு சின்ன அடுப்பு இருக்கிறதாம்; அதில் தேத்தண்ணி ஊற்றுகிறவரின் நெஞ்சில் தேயிலைச் சாயக் கறை. எஞ்சின்காரர் காலுக்கு மாட்டும் களிசானில் இருந்த எண்ணெயில் ஒரு குப்பி விளக்கு எரிக்கலாம். அந்த மனுசனை நான் ஏசாத நாள் இல்லை.

மூட்டையைத் தலையில் சுமந்து கொண்டுவருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வீட்டுக்காரர். நல்ல மனுசன், அதிகம் பேசமாட்டார். என்னிடம் ஏச்சு வாங்கிச் சிரிப்பதற்கென்றே பிறந்தவர். பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. நான் அவருக்கு, அவர் எனக்கு, அவ்வளவுதான் வீடு.

முகாமுக்கும் எங்களுக்கும் இடையில் வாயாக இருந்தவர் உசனார் காக்கா. காத்தான்குடி முஸ்லிம் ஆள்; அவர்களில் அண்ணனைக் காக்கா என்போம். ஆரோப்பிளேன்காரரைக் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கும் மோட்டார் வள்ளத்தை ஓட்டியவர். இங்கிலீசும் கொஞ்சம் தெரியும்.

முகாம் போட்ட மூன்றாம் மாதமளவில் மூட்டையில் பத்தாவதாக ஒரு சேட்டு வரத் தொடங்கியது. ஒன்பது பேருக்கும் களிசான், பெனியன், காலுக்கு மேசு என்று எல்லாம் வரும். இந்தப் பத்தாவது ஆளுக்கு ஒற்றைச் சேட்டு மட்டும். குறி இல்லை. விரித்துப் பார்த்தேன். கொலரில் அழுக்கு இல்லை, கமக்கட்டில் வேர்வை இல்லை. மோந்து பார்த்தால் மனுச வாடையே இல்லை. ஆள் போட்டுக் கசங்கிய மடிப்பு வேறு, கையால் கசக்கிய மடிப்பு வேறு; எனக்கு அது தெரியும். யாரோ நல்ல சேட்டை எடுத்து, வேண்டுமென்றே கையால் கசக்கி மூட்டையில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கிழமையும் அதே சேட்டு, அதே கைக்கசக்கல். ஐந்து கிழமை அப்படி வந்தது. வெளுத்துக் கஞ்சி போட்டு அனுப்புவேன். அழுக்குப்படாமலே திரும்பி வரும். ஒரு நாள் உசனார் காக்கா நாங்கள் வெளுக்கும் துறைக்கு வந்தபோது சேட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"காக்கா, இது ஆருட சேட்டு? எனக்குப் பகிடியா காட்டுறாங்க இவங்க?"

அவர் சேட்டைத் தொடவில்லை. ஓர் அடி பின்னால் போனார்.

"அத ஏன்கா கேக்காய் தங்கச்சி? அது நோரிஸ் எண்ட புள்ளைட. அவன் இஞ்ச வரல்ல. ஆபிரிக்காவில காச்சல் வந்து மவுத்தாப் போயிட்டான்."

"செத்தவன்ட சேட்ட என்னத்துக்கு வெளுக்கக் குடுக்கிறாங்க?"

"முந்தி அவங்க பத்துப் பேராம். அவன அடக்கிப்போட்டு ஒம்பது பேரா போன அண்டைக்கு நடுக்கடல்ல எஞ்சின் நிண்டுபோச்சாம். தேத்தண்ணி ஊத்துற ஆள் பழக்கத்தில பத்துப் பேணி வெச்சானாம். பத்தாவது பேணியில ஊத்தினதும் எஞ்சின் பிடிச்சிட்டாம். அண்டையிலிருந்து பத்துப் பேணிதான். அவன்ட கட்டில விரிச்சு வெக்கிறாங்க, இப்ப சேட்டையும் வெளுக்கப் போடுறாங்க. ஆரோப்பிளேன்ட இடப்பக்கத்துக் கண்ணாடியடியில அவன்ட இடத்தில ஒருத்தனும் இருக்கிறல்ல. அவன் இருக்கிறான் எண்டுதான் அவங்கட நினைப்பு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பயம் பிறகுதான் வந்தது. செத்தவர் உடுப்பை இருக்கிறவர் உடுப்போடு சேர்த்து ஒரே வெள்ளாவியில் வைப்பது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம். ஐந்து கிழமையாக என்னைக் கொண்டு அதைச் செய்வித்திருக்கிறார்கள். அதோடு, ஒருவர் செத்தால் அவருடைய உடுப்பு கட்டாடிக்குச் சேரும். ஊரில் யாரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. நாங்கள் கேட்பதுமில்லை, அதுவாக வந்து சேரும். அப்படிப் பார்த்தால் அந்தச் சேட்டு எப்போதோ என்னுடையது.

அந்தக் கிழமை ஒன்பதைத்தான் அடுக்கினேன். பத்தாவதை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"போடுங்க."

"எனக்கென்னத்துக்கு? ஊராக்கள் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

எங்கள் ஆட்கள் மேலுக்குச் சேட்டுப் போட்டு நடந்தால் பெரிய வீட்டுக்காரர் முகம் சுளிக்கிற காலம் அது. அதனால்தான் எனக்கு வீம்பு. "ஊராக்களா உங்களுக்குச் சோறு போடுறாங்க? வெள்ளைக்காரன்ட சேட்டு. போட்டுத்துப் போங்க" என்று நானே கையைப் பிடித்து நுழைத்து, நானே பொத்தானும் பூட்டிவிட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அழகாக இருந்தார். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிப் போடவேண்டும்போல் இருக்கிறது.

காலையில் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். நடந்ததை அவர் வாயாலேயே சொன்னார். மூட்டையோடு உள்ளே போனாராம். ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி இருந்து முட்டை தின்றுகொண்டிருந்தார்களாம். சேட்டைப் பார்த்ததும் கரண்டிச் சத்தம் நின்றதாம். கப்டன் எழும்பி வந்து, கொலரைத் தொட்டுப் பார்த்து, மேசையில் வெறுமையாகக் கிடந்த கதிரையை இழுத்துவிட்டாராம்.

"கதிரையில இருக்கச் சொன்னாங்க புள்ள," என்றார். "அவங்களோட. ஒரே மேசையில."

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அவருக்கு யாரும் கதிரை போட்டதில்லை. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு மூட்டை கொண்டுபோகும் நாள் மட்டும் என்றில்லை, தினமும் போகத் தொடங்கினார். அவர்களோடு சாப்பிட்டார், அவர்களோடு பந்தடித்தார். அவர்கள் அவரை நோரிஸ் என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். உசனார் காக்காதான் இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் உறைப்பு வேண்டாமென்றார். தேத்தண்ணியைச் சீனியில்லாமல் கேட்டார். பதினாறு வருசம் வலக்கையால் சுருட்டுப் பற்றவைத்த மனுசன் இடக்கையால் பற்றவைத்தார். இதெல்லாம் கூடாத சேர்க்கை என்று நினைத்து ஏசினேன், அவர் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் வாவியைப் பார்த்தபடி இடப்பக்கத்தில் ஒரு சின்ன யன்னல் உண்டு. அதன் பக்கத்தில் போய்க் குந்துவார். நெற்றியைச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். கண் இமைக்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வாய்க்குள் "நத்திங்" என்பார். மறுபடி பார்ப்பார். மறுபடி "நத்திங்". வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய்ந்து போகும்வரைக்கும் அப்படியே. துறைக்கு வந்த உசனார் காக்காவிடம் கேட்டேன்.

"காக்கா, நத்திங் எண்டா என்ன?"

"ஒண்டுமில்ல எண்டு அர்த்தம். கடலப் பாத்துக்கொண்டிருக்கிற ஆள் அடிக்கடி கப்டனுக்குச் சொல்லோணும். ஆரு சொன்ன அப்பிடி?"

வீட்டுக்கு ஓடினேன். அவர் யன்னலடியில்தான் இருந்தார். சேட்டைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றார். குளிக்கப் போன நேரம் பார்த்துச் சேட்டை எடுத்து, துறையில் வெள்ளாவிப் பானைக்கு அடியில், சாம்பலுக்குள் புதைத்து வைத்தேன்.

மறுநாள் விடியுமுன் வாசலில் உசனார் காக்கா லாந்தரோடு நின்றார். பின்னால் கப்டனும் நின்றார். அந்த மனுசனை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் கண்டேன். வயது முப்பது இருக்காது.

"இண்டைக்குத் தூரமாப் போறாங்களாம் தங்கச்சி. நோரிஸ் வராட்டித் தாங்க எழும்ப மாட்டோம் எண்டு மத்தவங்க நிக்கிறாங்களாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து வந்தார். சேட்டுப் போட்டிருந்தார். அதில் சாம்பல் ஒட்டியிருக்கவில்லை. கொலர், நான் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தமாதிரியே விறைப்பாக நின்றது.

கையைப் பிடித்துக்கொண்டேன். "போகாதங்க. ஆண்டவனாணை, போகாதங்க."

"நான் போகாட்டி அவங்க ஒம்பது பேர்தான் புள்ள, எஞ்சின் நிண்டிடும்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல்தான், அவர் கண்தான். அதனால்தான் விட்டுவிட்டேன். வேறு யாருடைய கண்ணாகவாவது இருந்திருந்தால் நான் கையை விட்டிருக்கமாட்டேன்.

பொழுது பட ஆரோப்பிளேன் வந்து வாவியில் இறங்கியது. நான் முகாமின் இறங்குதுறைப் பாலத்தடியில் நின்றேன். மோட்டார் வள்ளம் வந்தது. ஒருவர், இருவர் என்று எண்ணினேன். ஒன்பது பேர் இறங்கினார்கள். உசனார் காக்கா வள்ளத்தைவிட்டு இறங்காமல் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"காலையில பத்துப் பேர ஏத்தினேன்," என்றார். "அல்லாஹ்வுக்குத் தெரியும். பத்துப் பேர ஏத்தினேன்."

வழியில் ஒன்றும் நடக்கவில்லை என்று கப்டன் சொன்னாராம். இடப்பக்கத்துக் கண்ணாடியடியில் என் வீட்டுக்காரர் இருந்தாராம். தேத்தண்ணிப் பேணி வெறுமையாகத் திரும்பி வந்தது. வாவி தெரிந்தபோதும் அவர் குரல் கேட்டது. தண்ணீரில் இறங்கி எஞ்சினை நிற்பாட்டியபிறகு போய்ப் பார்த்தால் சேட்டு மட்டும் அந்த இருக்கையில் கிடந்தது.

முகாமில் பெரிய துரை ஒருவர் கடதாசியைப் பார்த்து, அன்றைக்குப் போனது ஒன்பது பேர், திரும்பியது ஒன்பது பேர், உள்ளூர் ஆள் எவரும் ஏறவில்லை என்றார். எங்கள் ஆட்கள் மூன்று நாள் வாவியில் வலை போட்டு இழுத்தார்கள். கரைவலைக்காரர் கடலோரம் முழுக்கப் பார்த்தார்கள். எதுவும் அகப்படவில்லை. செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். பிரேதம் இல்லாமல் எப்படிச் சாவு என்று சண்டை பிடித்து அனுப்பினேன்.

இரண்டாம் கிழமை உசனார் காக்கா மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். அவிழ்த்தேன். பத்தாவது சேட்டு இருந்தது.

இந்த முறை கசக்கல் கையால் செய்த கசக்கல் இல்லை. ஆள் போட்டு உழைத்த மடிப்பு. கமக்கட்டில் வேர்வை காய்ந்திருந்தது. கொலரில், இடது காதுக்குக் கீழே, அவர் போட்ட நாளெல்லாம் படிந்த இடத்தில் எண்ணெய் அழுக்கு. மூக்கில் வைத்தேன். சுருட்டு வாடை. பதினாறு வருசம் என் பாயில் கிடந்த வாடை. சேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறையில் இருந்தே அழுதேன். துக்கத்தில் அழவில்லை, பச்சைச் சந்தோசம். உயிரோடு இருக்கிறார், எங்கேயோ வேர்க்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கிழமைதோறும் அது வந்தது. எல்லாவற்றுக்கும் முதல் அதைத்தான் எடுப்பேன். தனியாகக் கசக்குவேன், தனியாகக் காய வைப்பேன், கிழிந்த இடத்தைத் தைப்பேன். கொலருக்குள் எங்கள் வீட்டுக் குறியைப் போட்டேன். வெளுக்காமல் வைத்திருக்கலாம் என்று ஒருமுறை ஆசை வந்தது, வாடை போய்விடக்கூடாதென்று. ஆனால் அனுப்பினால்தானே அடுத்த கிழமை புதிதாக வரும். ஊரில் என்னைப் பைத்தியம் என்றார்கள். தாலியோடு, பொட்டோடு திரிகிறாள் பார் என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதம் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒரு நாள் மூட்டையை எடுக்கக் கப்டனே வந்தார், உசனார் காக்காவோடு. ஒன்பது பேருடையதும் அடுக்கி வைத்திருந்தேன். பத்தாவது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, நாளைக்கு இவங்க இஞ்சருந்து போறாங்க. திரும்ப ஆபிரிக்காப் பக்கம். மறுகா வரமாட்டாங்க," என்றார் காக்கா. "சேட்டையும் தரட்டாம். அது கூட இருக்கும்வரைக்கும் அவரும் கூட இருப்பாராம்."

அடுக்கிய உடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டேன்.

"அவர் அங்க என்ன செய்யிறாராம்? கேளுங்க."

"கண்ணாடியடியில இருந்து கடலப் பாக்கிறாராம். அப்பப்ப அந்தச் சொல்லச் சொல்றாராம்."

"தின்னுறாரா?"

காக்கா கேட்டார். கப்டன் தலையாட்டினார். இல்லையாம்.

"படுக்கிறாரா? கட்டில் விரிச்சு வெக்கிறாங்கதானே. கண்ண மூடிப் படுக்கிறாரா?"

இதைக் கேட்டபோது கப்டன் நிலத்தைப் பார்த்தார். மெதுவாக என்னவோ சொன்னார். காக்காவுக்கு அதைத் தமிழில் சொல்ல மனம் வரவில்லை.

"சொல்லுங்க காக்கா."

"ஒருக்காலும் இல்லியாம் தங்கச்சி. போன நாளையிலிருந்து கண் மூடல்லியாம். முடிஞ்சிது, எழும்பு எண்டு இவரே சொல்லிப் பாத்தாராம். எழும்ப மாட்டார் எண்டு சொல்றார்."

ஆறு மாதம். அவர் நித்திரைக்காரர். சோறு தின்ற கையோடு குறட்டை விடுகிற மனுசன். அந்த ஆள் ஆறு மாதமாகக் கண் இமைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே அவர் வேர்வையை மோந்து சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கிறேன். என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

எழும்பிப் போய்க் கொடிக்கு முன்னால் நின்றேன்.

"செத்தவருட உடுப்பு கட்டாடிக்குச் சேரும். குடுக்க மாட்டேன் எண்டு சொல்லுங்க."

காக்கா சொன்னார். கப்டனின் முகம் வெளிறிப்போயிற்று. "அவர் சாகவில்லை" என்கிறார் என்று எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. ஊரோடு ஆறு மாதமாக நான் சண்டை பிடித்ததும் அதே சொல்லைச் சொல்லித்தான். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், நான் சுமங்கலி, என் மனுசன் உயிரோடு இருப்பார், எந்தக் கடலுக்கு மேலேயோ, கண் திறந்தபடி.

"அழகரத்தினம் செத்துப்போனார்," என்றேன்.

கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்தில் அந்தப் பெயரை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். உயிரோடு இருக்கிற புருசனின் பெயரை எங்களில் ஒரு பெண்ணும் சொல்லமாட்டாள். உசனார் காக்காவுக்கு அது தெரியும். அவர் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கப்டன் கொடியை நோக்கிக் கை நீட்டினார். நான் விலகவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கீழே போயிற்று. அவர் அழுதார். பாவம், அவர் பொறுப்பிலும் ஒன்பது உயிர். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. மூட்டையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியுமுன் ஆரோப்பிளேன் எழும்பியது. எங்கள் கூரைக்கு மேலே ஒருமுறை சுற்றி வந்து, கடல் பக்கம் திரும்பியது. நான் பாயை விரித்துத் தலையணை வைத்து, சேட்டை அதில் கிடத்தினேன். கைகள் இரண்டையும் நெஞ்சில் மடித்து வைத்தேன். சத்தம் முழுக்க அடங்கும்வரைக்கும் பக்கத்தில் இருந்தேன்.

"படுங்க," என்றேன். "இனி ஒண்டும் பாக்கத் தேவல்ல. படுங்க."

பிறகு தாலியைக் கழற்றினேன்.